மாப்பிள்ளைக் காரின் காற்றாடி

அந்தக் கார் என்னை முதன்முதலாக அலறவைத்தது எங்கள் வீட்டு வாசலில்தான். மலேசியாவில், ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் வரிசை வீடு. என் கணவர் வேலை முடிந்து வந்து, காரை நிறுத்தி, சாவியை ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். நான் அடுப்படியில் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தேன். வெளியே 'உர்ர்ர்' என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் காருக்குள் ஆள் இல்லை, கார் மட்டும் உறுமுகிறது. கையில் கரண்டியோடு தெருவுக்கே ஓடிவிட்டேன்.

அவர் இடுப்பில் துண்டோடு வந்து என்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"அது காத்தாடிலா. ரேடியேட்டர் காத்தாடி. இந்தக் கார்ல அது கரண்டுல ஓடுது. எஞ்சின் அணைஞ்சாலும் சூடு இருந்தா அதுவா சுத்தும், சூடு எறங்குனா அதுவா நின்னுரும். வித்தவன் அப்பவே சொன்னான்."

"அத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா நீ இப்படி ஓடுவியா?"

அவர் சுபாவம் அப்படி. அதற்குப் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, தேநீரைக் கையில் கொடுத்து, வாயைத் திறக்காமல் காத்திருப்பார். காற்றாடி திடீரென்று கிளம்பும், வந்தவர் மடியில் தேநீர் கொட்டும், இவருக்குப் பரம திருப்தி. பக்கத்து வீட்டுச் சீனத்து அக்கா பயந்துபோய்ச் சொன்ன வார்த்தைகளை நான் எழுத முடியாது. எங்கள் தெருவில் அந்தக் காற்றாடியின் குணம் தெரியாதவர் கிடையாது. தெரியாமல் போனது என் தம்பிக்குத்தான். அவன் வருவதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில், கார் குளிர்ந்து கிடக்கும் நேரத்தில்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. தம்பி ஈப்போவில் ஒரு சீனத் தவ்கேயின், அதாவது முதலாளியின், பட்டறையில் லாரிகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை முடித்த கையோடு அங்கே போனவன். அவனுக்குத் தெரிந்த எஞ்சின்கள் எல்லாம் டீசல் லாரி எஞ்சின்கள். அவற்றின் காற்றாடி பெல்ட்டில் ஓடுவது. எஞ்சின் ஓடினால் அது ஓடும், எஞ்சினை அணைத்தால் அது செத்த இரும்பு. அணைத்த லாரியின் வயிற்றுக்குள் தோள்வரை கையை விட்டுக்கொண்டே அவன் பன் சாப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நகக்கண்ணிலும் ரேகையிலும் கிரீஸ் ஏறிப்போய், எந்தச் சோப்புக்கும் போகாது. கல்யாணத்துக்கு நாள் குறித்ததும் தேங்காய் நாரும் எலுமிச்சையும் கொடுத்து, தினமும் தேய்க்கச் சொல்லி உயிரை வாங்கினேன்.

"கை வெள்ளையா இருந்தாத்தான் பொண்ணு ஒத்துக்குமாக்கா?" என்று கேட்டான்.

"தாலி கட்டுற கைடா அது. போட்டோவுல வரும்."

பெண் காம்பாருக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா மண்டோர், ஆட்களை வேலை வாங்குகிறவர். பெண் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். பெண் பார்க்கப் போன அன்றைக்குப் பெரியவர்கள் நாங்கள் எல்லாம் பலகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன பேசுவது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தோம். இவன் மூலையில் கிடந்த தையல் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தான். "பெல்ட் நழுவுது போலருக்கே" என்று சொல்லிவிட்டு, யாரையும் கேட்காமல் எழுந்து போய் அந்தத் தோல் வாரைக் கழற்றி, வெட்டி, மறுபடி மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தான். எனக்கு மானம் போயிற்று. பொண்ணு பார்க்க வந்த இடத்தில் மெஷின் பார்க்கிற மாப்பிள்ளை! அடுத்த வாரம் பெண்ணின் அம்மா எங்களுக்குத் தகவல் சொல்லி அனுப்பியதே அதைத்தான்: "மெஷினு இப்ப நல்லா ஓடுதாம். எங்க பொண்ணுக்குச் சம்மதம்." அந்தக் கைகளைப் பார்த்துத்தான் அவள் சரி என்றிருக்கிறாள் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் கிடையாது.

கல்யாணம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில், காலை முகூர்த்தம். மாப்பிள்ளைக்கு எங்கள் புதுக் கார்தான் என்று என் கணவர் முன்கூட்டியே அறிவித்துவிட்டார். விடிந்ததும் ஜோடனை. முன்பக்கத்துக்குக் கனமான செவ்வந்தி மாலை, மாவிலைத் தோரணம், மேலே மல்லிகைச் சரம். பழைய காராக இருந்தால் பம்பரில் இழுத்துக் கட்டி, மிச்சத்துக்கு டேப் ஒட்டியிருப்பார்கள். இவர் டேப்பைக் கண்டதும் குறுக்கே விழுந்தார்.

"டேப் ஒட்டாத! பெயிண்டு உரிஞ்சிரும்!"

கயிற்றை வெளியே கட்டினாலும் கீறல் விழுமாம். கடைசியில் இவரே பானெட்டைத் திறந்து, மாலையின் இரண்டு முனைகளையும் ராஃபியா கயிற்றால், நம்மூரில் மூட்டை கட்டும் அதே பளபளப்பான பிளாஸ்டிக் கயிற்றால், உள்ளே இருக்கும் குறுக்குக் கம்பியில் முடிந்தார். வழியில் காற்றுக்கு அவிழக்கூடாது என்று முடிச்சுக்கு மேல் முடிச்சு போட்டார். மீதிக் கயிற்றை வெட்டாமல் பின்பக்கமாகத் தள்ளிவிட்டு பானெட்டை அடித்து மூடினார். வெளியே ஒரு கயிறுகூடத் தெரியவில்லை. இரண்டடி தள்ளி நின்று தன் காரைத் தானே ரசித்தார்.

முன்சீட்டில் எங்கள் தாய்மாமன், அம்மாவின் தம்பி. பின்சீட்டில் பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாகத் தம்பி, பக்கத்தில் நான். என் மடியில் தட்டு, தட்டில் தாலி, எண்ணெய் ஊற்றின விளக்கு. மாப்பிள்ளையின் அக்காவுக்கு அன்றைக்கு இரண்டு வேலை. விளக்கைப் பிடிக்க வேண்டும். தாலியில் மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும் மற்ற இரண்டு முடிச்சுகளையும் நான் போட வேண்டும். அம்மாவும் மற்றவர்களும் பஸ் பிடித்து முன்னாலேயே போய்விட்டார்கள்.

பெரிய ரோட்டில் கார் பறந்தது. காம்பார் தாண்டும்வரை ஒரு குறையும் இல்லை. வேகமாக ஓடும்போது காற்றே ரேடியேட்டரைக் குளிரவைத்துவிடும், காற்றாடிக்கு அங்கே வேலை கிடையாது என்பதெல்லாம் பிற்பாடு தம்பி எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

வினை தோட்டத்து வாசலில் காத்திருந்தது. உறுமி மேளம்! பெண் வீட்டார் ஏற்பாடு. வாசலிலிருந்து கோயில்வரை மேளக்காரர்கள் முன்னால் ஆடிக்கொண்டு வர, மாப்பிள்ளைக் கார் பின்னால் ஊர்ந்து வரவேண்டும். ரப்பர்ப் பால் மரங்கள் இருந்த காலமாக இருந்தால் நிழலாவது இருந்திருக்கும். அந்தப் பக்கத்து மரங்களை வெட்டிவிட்டுச் எண்ணெய்க்குச் செம்பனைக் கன்று நட்டிருந்தார்கள், அவை இடுப்பளவுக்குக்கூட வளரவில்லை. செம்மண் ரோட்டில் வெயில் அப்படியே இறங்கியது. மேளக்காரர்கள் நாலு எட்டு வைப்பார்கள், நின்று ஆடுவார்கள், லயத்துப் பெண்கள் ஆரத்தி எடுப்பார்கள், மறுபடி நாலு எட்டு. கார் ஆமையாக நகர்ந்தது.

முன்னாலிருந்து புகை வந்தபோது யாரோ சாம்பிராணி போடுகிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். மாமா கையெடுத்துக் கும்பிடவே செய்தார்.

"மச்சான், மீட்டரப் பாருங்க!" என்று தம்பி கத்தினான்.

சூட்டு முள் சிவப்புக் கோட்டையும் தாண்டிப் படுத்திருந்தது. பானெட்டின் ஓரமெல்லாம் நீராவி. கார் நின்றது, மேளமும் நின்றது. கோயில் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிறது, முகூர்த்தம் நெருங்குகிறது, மாப்பிள்ளைக் கார் நடுரோட்டில் பொங்கிக்கொண்டிருக்கிறது.

தம்பி கதவுப் பிடியில் கையை வைத்தான். மாமா திரும்பிப் பார்த்து அதட்டினார்.

"எங்கடா எறங்குற? கையில காப்புக் கட்டியிருக்கு. கோயில் வாசல்ல பொண்ணோட தம்பி வந்து கால் கழுவி எறக்கணும். அதுவரைக்கும் மாப்பிள்ள கால் தரையில படக்கூடாது."

அதனால் தம்பி உட்கார்ந்த இடத்திலிருந்தே, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, வைத்தியம் பார்க்க ஆரம்பித்தான். தலைப்பாகை ஒரு பக்கம் சரிந்துவிட்டது. எஞ்சினை உடனே அணைக்க வேண்டாம் என்றான். பானெட்டைத் திறக்கச் சொன்னான்.

"காத்தாடி சுத்துதா மச்சான்?"

"இல்லையேலா!"

"பெல்ட்டு அறுந்திருக்கும், பாருங்க."

"இதுக்குப் பெல்ட்டே இல்ல. கரண்டு காத்தாடி."

அந்த வார்த்தையோடு அடுத்த வார்த்தையையும் அவர் சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்தவர் போனவருக்கெல்லாம் வேடிக்கை காட்டினாரே, அந்த விஷயத்தை. சொல்லவில்லை. பொண்ணு வீட்டார் முன்னால் புதுக் கார் மானத்தை வாங்குகிறதே என்ற பதற்றத்தில் அவருக்கு வேறெதுவும் ஓடவில்லை. அந்த நேரத்தில் எனக்கும் அது தோன்றவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் கோபம் வருகிறது, வந்தால் அவரிடம் சொல்லியும் விடுகிறேன்.

"அப்ப பியூஸப் பாருங்க" என்றான் தம்பி.

பியூஸ் போயிருந்தது. மாற்றுவதற்கு வேறு இல்லை. மாமா தன் சிகரெட்டுப் பெட்டியிலிருந்து வெள்ளித்தாளை உருவிக் கொடுத்தார். லாரிக்காரர்கள் எல்லாரும் செய்கிற வேலைதான் அது. வெந்துபோன பியூஸில் வெள்ளித்தாளைச் சுற்றி மறுபடி சொருகினார்கள். காற்றாடி அசையவில்லை. லேசாக பிளாஸ்டிக் தீயும் வாடை மட்டும் வந்தது.

"காதக் கிட்ட வச்சுக் கேளுங்க மச்சான். 'ம்ம்ம்'னு முனகுதா?"

"ஆமா, முனகுது."

தம்பியின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். கல்யாண மாப்பிள்ளை போய், பட்டறைக்காரன் வந்து உட்கார்ந்துவிட்டான். "கரண்டு வருது. சுத்தத்தான் முடியல. எதுவோ புடிச்சிருக்கு" என்றான். மாமா 'டேய் டேய்' என்று சொல்லி முடிப்பதற்குள் கதவைத் திறந்து, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு செம்மண்ணில் இறங்கிவிட்டான். கூட்டத்தில் பெண்கள் ஐயோ என்று வாயில் கை வைத்தார்கள்.

"எஞ்சின அணைச்சிருங்க மச்சான். சாவிய எடுத்துருங்க."

அவர் அணைத்தார், சாவியையும் எடுத்தார். சாவியை எடுத்த பிறகும் நிற்காத அந்த முனகல் அப்போது யார் காதிலும் விழவில்லை, ஏனென்றால் உறுமிக்காரர் சும்மா நிற்பானேன் என்று மறுபடி அடிக்கத் தொடங்கியிருந்தார். தூக்கின பானெட் எனக்கு முன்னால் சுவராக நின்றது. மடியில் விளக்கும் எண்ணெயும் தாலியும் இருந்ததால் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அவன் குரல் மட்டும் வந்தது.

"தோ! ராஃபியாக் கயிறு! மோட்டார்ல இந்தச் சுத்து சுத்தியிருக்கு. யாரு மச்சான் இதக் கட்டுனது?"

மாமா தன் பேனாக்கத்தியை நீட்டியிருக்கிறார். தம்பி இடது கையால் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு வலது கையை உள்ளே விட்டு அறுத்திருக்கிறான். கண்டுபிடித்தது எல்லாமே சரி. எஞ்சின் அணைந்துவிட்டது, காற்றாடி செத்துக் கிடக்கிறது என்ற அந்த ஒன்றைத் தவிர.

எனக்குக் கேட்டது அந்த 'உர்ர்ர்'.

என் வீட்டு வாசலில் என்னைக் கரண்டியோடு ஓடவைத்த அதே சத்தம். என்ன நடந்தது என்று கண்ணால் பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அலறல் கேட்டது, அலறியது என் கணவர். தம்பியிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. விளக்கு எங்கே விழுந்தது, எண்ணெய் எங்கே கொட்டியது, எனக்கு நினைவில்லை. தாலியை மட்டும் முந்தானையில் சுருட்டிக்கொண்டு கீழே குதித்தேன்.

அவன் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றான். பட்டு வேட்டியில் இடுப்பிலிருந்து முழங்கால்வரை சிவப்பாகத் தெறித்திருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. அந்தக் காற்றாடியைப் பார்த்தபடி, யாருக்கோ நல்ல சேதி சொல்கிறவன் குரலில் சொன்னான்:

"ஓடிருச்சு மச்சான். காத்தாடி ஓடிருச்சு."

அதைச் சொன்னபோது அவன் முகம் இருந்த இருப்பு இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. காற்றாடி அருமையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் அவனைப் பிடிப்பதை விட்டுவிட்டு அந்த நாசமாய்ப் போன காற்றாடியையே பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் உறுமிக்காரர்தான் மேளத்தைக் கீழே போட்டுவிட்டு வந்து தன் தோள்துண்டால் அவன் கையைச் சுற்றினார்.

தோட்டத்துக் கிளினிக் லயத்துக்குப் பின்னால்தான். டிரசர், அதாவது டாக்டர் இல்லாத தோட்டத்தில் வைத்தியம் பார்க்கிறவர், கல்யாணத்துக்குக் கிளம்பி நல்ல சட்டை போட்டுக்கொண்டிருந்தார். துண்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு அந்தச் சட்டையைக் கழற்றி வைத்தார். ஆள்காட்டி விரலின் நுனி நகத்தோடு தொங்கியது. நடுவிரல் எலும்பு முறிந்திருந்தது. கழுவி, மருந்து வைத்து, கை முழுவதையும் ஒரு பெரிய வெள்ளை உருண்டையாகக் கட்டினார். மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கயிறு ரத்தத்தில் ஊறியிருந்தது. அதை அறுக்கக் கத்தரிக்கோலை எடுத்தார். தம்பி விடவில்லை. அதற்கு மேலேயே கட்டு போட வேண்டியதாயிற்று.

"பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்பவே போகணும். தையல் போடணும்."

"தாலி கட்டிட்டுப் போறேன் டிரசர்."

"எந்தக் கையால கட்டுவீங்க?"

தம்பி தன் கையைப் பார்த்தான். அந்தக் கேள்வி அதுவரைக்கும் அவன் மனதில் வந்திருக்கவில்லை.

மண்டோர் வந்து வாசலில் நின்றார். நல்ல மனிதர், முரடர் கிடையாது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, தப்பா எடுத்துக்கக்கூடாது. முகூர்த்தத்துக்கு முன்னால இவ்வளவு ரத்தம்... பெரியவங்க எல்லாம் ஒரு மாதிரி பேசுறாங்க. மாப்பிள்ளைக்கும் வலி. இன்னொரு நாள் பாத்துப்போமா?"

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அடுப்பில் சாம்பார் கொதிக்கிறது, பந்தலில் சனம் உட்கார்ந்திருக்கிறது, பெண் மணவறைக்கு உடுத்திக்கொண்டு நிற்கிறாள். இன்றைக்கு நின்றால் அந்தப் பெண்ணை இந்தத் தோட்டம் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடும்? தாலி ஏறுவதற்கு முன்பே மாப்பிள்ளை ரத்தத்தைப் பார்த்தவள் என்று அவள் கிழவியாகும்வரை சொல்வார்கள். அவள் மெஷினில் ஒரு துணிகூடத் தைக்கக் கொடுக்க மாட்டார்கள். என் தம்பிக்கு விரல் போனது போதாதா?

"அண்ணே, ரத்தம் வந்தது கயிறு கட்டுன கூத்துல. எங்க வீட்டுக்காரரு கட்டுனாரு. உங்க மக மேல ஏன் போடுறீங்க? அதுகிட்ட யாராச்சும் ஒரு வார்த்த கேட்டீங்களா?"

கேட்கவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. மகள் இருந்த பக்கம் திரும்பிப் போனார். நான் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பெண்ணின் அம்மா ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"எம்மக கேக்குது, 'அவரு வந்துட்டாருல்ல? அப்புறம் எதுக்கு நிக்கிறீங்க'ன்னு."

அவ்வளவுதான். ரத்தம் பட்ட வேட்டியோடு மணவறையில் உட்காரக்கூடாது என்று மாமா சொன்னார். மாற்று வேட்டி இல்லை. நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் மறுபேச்சு பேசாமல் கிளினிக் மறைப்புக்குப் பின்னால் போய்த் தன் பட்டு வேட்டியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, டிரசரின் கட்டம் போட்ட கைலியைக் கட்டிக்கொண்டு வந்தார். கல்யாணப் போட்டோ எல்லாவற்றிலும் அவர் அந்தக் கைலியோடுதான் நிற்கிறார். அதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

மணவறையில் தம்பி நேராக உட்கார்ந்திருந்தான். வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, நெற்றியில் மட்டும் வேர்வை வழிந்துகொண்டே இருந்தது. பெண் வந்து உட்கார்ந்தாள். குனிந்த தலை நிமிரவில்லை. ஆனால் அவள் பார்வை மாலைக்கு அடியில் அந்த வெள்ளைக் கட்டின் மேலேயே இருந்ததை, பின்னால் இரவல் விளக்கோடு நின்ற நான் பார்த்தேன்.

தாலியை ஊரெல்லாம் தொட்டுக் கும்பிட்டு, தட்டு திரும்பி வந்தது. கோயில் பூசாரி பண்டாரம் எடுத்துக் கொடுத்தார். தம்பி இடது கையால் வாங்கி அவள் கழுத்தைச் சுற்றிக் கொண்டுபோனான். கெட்டிமேளம் முழங்கியது. அரிசியும் பூவும் வந்து விழுந்தன. கயிற்றின் ஒரு முனை அவன் இடது கையில். மற்ற முனை அவள் தோளில் தொங்குகிறது. வலது கை உருண்டையால் அதைத் தள்ளிப் பார்க்கிறான், நழுவுகிறது. மறுபடி தள்ளுகிறான், மறுபடி நழுவுகிறது. முடிச்சு என்பது இரண்டு கை வேலை என்பது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

"அக்காவே கட்டட்டும்" என்று யாரோ சொன்னார்கள். "மொத முடிச்சு மாப்பிள்ள போடணும். அக்கா போட்டா அது எப்படித் தாலியாகும்?" என்று இன்னொரு குரல். பண்டாரம் மண்டோரைப் பார்க்கிறார், மண்டோர் மாமாவைப் பார்க்கிறார். நான் போட்டாலும் பேச்சு, போடாவிட்டாலும் பேச்சு. தம்பியின் கண்ணில் அப்போதுதான் முதல்முறையாகத் தண்ணீரைப் பார்த்தேன். அத்தனை வருஷம் நட்டும் போல்ட்டும் சொன்னபடி கேட்ட கை அது. ஒரு மஞ்சள் கயிற்றிடம் தோற்றுக்கொண்டிருந்தது.

அப்போது அவள் கை எழுந்தது.

குனிந்த தலை குனிந்தபடியே இருக்க, மருதாணி வைத்த வலது கை மாலைக்கு அடியிலிருந்து வெளியே வந்து, தோளுக்கு மேலே போய், பிடரியில் தடவி, தொங்கிக்கொண்டிருந்த அந்த முனையைப் பிடித்தது. மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். அரிசி போட ஓங்கின கைகள் ஓங்கினபடி நின்றன. பெண் தன் தாலிக்குத் தானே கை கொடுக்கிறாள்! அந்தக் கோயிலில் அப்படி ஒன்றை யாரும் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை. அவள் அம்மா "அடியே" என்று சொன்னது மட்டும் கேட்டது.

அவளுக்கு அதெல்லாம் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. கண்ணால் பாராமல் நூல் முடிந்து பழகிய விரல்கள் அவை. அவன் முனையை வளைத்தான், அவள் தன் முனையை அதற்குள் விட்டாள். அவன் இழுத்தான், அவளும் இழுத்தாள். முடிச்சு விழுந்தது. மேளக்காரரைப் பார்த்து நான் கத்தினேன், "அடிங்கண்ணே!" மேளம் பொத்துக்கொண்டு அடித்தது. விளக்கை மாமா கையில் திணித்துவிட்டு என்னுடைய இரண்டு முடிச்சுகளையும் போட்டேன். நான் அவசரப்பட்டதில் அவை சரியாக விழவே இல்லை. அவர்கள் போட்டது இறுகி உட்கார்ந்திருந்தது.

சாப்பாட்டுக்கு நாங்கள் நிற்கவில்லை. ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றி, மாலையையும் மிச்சக் கயிற்றையும் அறுத்தெறிந்துவிட்டு, அதே காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். இந்த முறை முன்சீட்டில் நான். பின்னால் மாப்பிள்ளையும் பெண்ணும், கழுத்தில் மாலையோடு. அதுவரைக்கும் அவர்கள் பேசிக்கொண்டதே கிடையாது. ரத்தம் இறங்காமல் இருக்க வேண்டும் என்று டிரசர் சொல்லியிருந்ததால், அவள் அவனுடைய கட்டுப் போட்ட கையைத் தன் தோள்மேல் ஏந்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். என் கணவர் கைலியோடு ஓட்டினார்.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார், சாவியை எடுத்தார்.

'உர்ர்ர்.'

எனக்கும் என் கணவருக்கும் தம்பிக்கும் தூக்கிவாரிப்போட்டது. தம்பி தன் கையை நெஞ்சோடு இழுத்துக்கொண்டான். என் கணவர் ஸ்டீரிங்கில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. அணைந்த காரையும் எங்களையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"என்னது அது?" என்று தம்பியிடம் கேட்டாள். அவனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை.

"அதுதான்... காத்தாடி" என்றான்.

அவள் முன்பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு அவனுடைய இடது கையை, அடிபடாத கையை, எடுத்துத் தன் மடியில் வைத்து, சேலை முந்தானையால் சுற்றி, இரண்டு கைகளாலும் இறுக மூடிக்கொண்டாள். அந்தச் சத்தம் நின்று, ஆஸ்பத்திரி ஆட்கள் வந்து கதவைத் திறந்து, இறங்குங்கள் என்று சொன்ன பிறகும் அவள் அதை விடவில்லை.